படகு ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த கியர்பாக்ஸ் கூலர்? ஒரு சென்னை வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி: 2.8 லிட்டர் டீசல், 6 வேக ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், டபுள் கேபின் பிக்கப். இழுப்பது: ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், பெட்ரோல், வலை, ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 1,860 கிலோ. பாதை: நீலாங்கரையில் கிளம்பி, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. மாதத்துக்கு மூன்று, நான்கு நடை. புகார் ஒன்றுதான்: கத்திரி வெயில் தொடங்கினால் டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு விளக்கு எரிகிறது.

கூலர் என்பது கியர்பாக்ஸ் ஆயிலைக் காற்றில் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர். உரிமையாளர் அதை ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அதன் அட்டைப்பெட்டியின் மேல் 24,000 பவுண்டு எடை வரை என்று போட்டிருந்தது. கிலோவில் சுமார் 10,900. வண்டியும் படகும் சேர்ந்தாலே நாலு டன் சொச்சம்தான், இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே, போதாதா என்பது அவர் கணக்கு. இந்த எண்ணை நம்பி கூலர் வாங்குகிறவர்கள்தான் அதிகம், அதனால் அதையே முதலில் பார்த்துவிடலாம். அந்தப் பவுண்டுக் கணக்கு எந்தப் பொதுவான சோதனையிலும் வந்ததல்ல. எவ்வளவு காற்று அடித்தது, எவ்வளவு ஆயில் ஓடியது, வெளிச்சூடு எத்தனை டிகிரி என்று சொல்லாமல் ஒரு கூலர் எவ்வளவு வெப்பத்தைத் தள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அகலமான நெடுஞ்சாலையில் 90-ல் ஓடும் வண்டிக்கு அந்த எண் ஓரளவு பொருந்தலாம். பொன்னேரி கடைத்தெருவுக்குப் பொருந்தாது.

விளக்கு எங்கே எரிந்தது

வண்டிக் கணினியின் தகவலைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் டாங்கிள் செருகி, மொபைலில் ஒரு முழு நடை பதிவானது. அன்று வெளியே 38 டிகிரி. இந்த கியர்பாக்ஸில் ஆயில் சூட்டைக் காட்டும் சென்சார் இரண்டு. ஒன்று கீழே ஆயில் தேங்கும் தட்டில், அதாவது பேனில்; மற்றது டார்க் கன்வர்ட்டரை (எஞ்சின் விசையை கியருக்குக் கடத்தும் பகுதி) விட்டு ஆயில் வெளியேறும் இடத்தில். பேன் சென்சார் மந்தமானது, நிமிடக் கணக்கில்தான் நகரும். நடப்பதை நடக்கும்போதே சொல்வது கன்வர்ட்டர் பக்கத்து சென்சார்.

வெளிவட்டச் சாலையில் 80 கி.மீ. வேகம், ஐந்தாம் கியர், கன்வர்ட்டர் லாக் (எஞ்சினும் கியரும் நேராகப் பிணைந்த நிலை): பேன் 91, கன்வர்ட்டர் 94. எந்தக் குறையும் இல்லை. பொன்னேரி நெரிசலில் 25 நிமிடம் ஊர்ந்தபின்: பேன் 109, கன்வர்ட்டர் 121. பழவேற்காட்டுக் கரையில் படகை இறக்க மணலில் ரிவர்ஸ் எடுத்தபோது ஒரு நிமிடத்துக்குள் கன்வர்ட்டர் 138. விளக்கு எரிந்தது அங்கேதான்.

சுமை மூன்று இடத்திலும் அதே 1,860 கிலோ. வேகம் குறையக் குறைய சூடு ஏறியிருக்கிறது.

காரணம் கன்வர்ட்டருக்குள் இருக்கிறது. லாக் ஆகாத கன்வர்ட்டரில் எஞ்சின் பக்கமும் கியர் பக்கமும் இரும்பால் இணைந்திருக்காது. நடுவில் ஆயில் சுழன்றுதான் விசையைக் கடத்தும். இரண்டு பக்கச் சுழற்சிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க ஆயிலில் சூடாக இறங்கும். 80-ல் லாக் ஆகி ஓடும்போது எஞ்சின் 45 கிலோவாட் தந்தாலும் கியர்பாக்ஸ் பெட்டிக்குள் வெப்பமாகப் போவது 2 கிலோவாட் அளவில். ஊரும்போது எஞ்சின் தருவது 20 கிலோவாட்தான் என்று வைத்தாலும், அதில் கால் பங்கு நழுவலில் போனால் 5 கிலோவாட். காற்றும் அப்போது இல்லை. மணலில் சக்கரம் நகராமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தரும் அத்தனையும் ஆயிலுக்குள்தான்.

அந்தக் கடைசி நிலையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஏறக்குறைய 10 லிட்டர் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். எடை 8 கிலோ சொச்சம். ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 2.1 கிலோஜூல், ஆக மொத்த ஆயிலுக்கு 17 கிலோஜூல். 25 கிலோவாட் உள்ளே போனால் விநாடிக்கு ஒன்றரை டிகிரி ஏறும். கன்வர்ட்டருக்குள் இருக்கும் கொஞ்ச ஆயில் அதைவிட வேகமாக ஏறும். இனி கூலர் பக்கம் வாருங்கள்: நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட்டத்தில் ஆயிலை 15 டிகிரி இறக்கினால் அது வெளியேற்றுவது 2.6 கிலோவாட். 25-ஐ 2.6 எப்படிப் பிடிக்கும்? மணல் பிரச்சினையைத் தீர்க்கும் கூலர் கடையில் கிடைக்காது.

அதற்குத் தீர்வு ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தது: லோ ரேஞ்ச், ஃபோர் வீல் டிரைவில் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் நிலை. லீவரில் 4எல் என்ற அந்த நிலையில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு இரண்டரை மடங்கு கூடும். அதே ட்ரெய்லரை நகர்த்த எஞ்சின் பாதி மிதியில் வேலை பார்க்கும், கன்வர்ட்டர் நழுவலும் சுருங்கும். உரிமையாளர் லோ ரேஞ்ச் என்பது மலைக்கு மட்டும் என்று நினைத்து அதுவரை தொடவே இல்லை. மணலிலும் சேற்றிலும் மட்டும் பயன்படுத்த வேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் 4எல் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தால் டிரைவ்லைன் முறுக்கிக்கொள்ளும்.

ஆக, கூலர் தேவைப்படுவது நடு நிலைமைக்கு: காற்றில்லாமல் ஊர்ந்து செல்வது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ட்ரெய்லரோடு ஏறுவதும் இதே வகைதான், இரண்டாம் கியரில், லாக் இல்லாமல், 25 கி.மீ. வேகத்தில்.

எவ்வளவு சூடு ஆகாது

பழைய பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். அது பழைய மினரல் ஏடிஎஃப் காலத்தது. இன்றைய சிந்தெடிக் ஆயில் கூடுதலாகவே தாங்கும். ஆனால் 120-ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் எதுவும் கருகி, வால்வ் பாடியில் (கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) வார்னிஷ் படியும். அதற்கு மேல் ரப்பர் சீல்கள் விறைக்கும். 145–150 பக்கம் போனால் கிளட்ச் தட்டுகளே நழுவ ஆரம்பிக்கும். இந்த வண்டிக்கு வைத்த இலக்கு: 40 டிகிரி வெயிலில் ஊரும்போது பேன் 100-ஐத் தாண்டக் கூடாது. சென்னையில் 40 டிகிரி என்பது மிகை இல்லை; 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பதிவாகியிருக்கிறது. நெரிசலில் முன்வண்டியின் புகையும் தார்ச் சூடும் சேர்ந்து கிரில்லுக்குள் நுழையும் காற்று வானிலை மையம் சொல்வதைவிட எப்போதும் அதிகம்தான்.

கூலர் தேர்வு

கடையில் மூன்று வகை வரும். வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாயில் தகடு கோத்தது ஒன்று. மலிவு, உறுதி, கல் பட்டாலும் சட்டென்று ஓட்டையாகாது. ஆனால் ஒரே குழாயில் முழு ஆயிலும் ஓடுவதால் நடுவில் ஓடும் ஆயில் சுவரைத் தொடாமலே போய்விடும். அதே அளவு முகத்துக்கு மூன்றிலும் இதுவே குறைவாகக் குளிர்விக்கும். இரண்டாவது, தட்டையான வழிகளும் தகடுகளும் மாறி மாறி வரும் பிளேட்-ஃபின். மூன்றாவது, தட்டுகளை அடுக்கிப் பற்றவைத்த ஸ்டேக்டு பிளேட். இதில் ஆயில் பல தட்டுகளில் பிரிந்து ஓடுவதால் தடை குறைவு. இழுவைக்கு இது தவிர வேறு வாங்க வேண்டிய அவசியம் தெரியவில்லை. ஒரே குறை, பழுதான பெட்டியிலிருந்து கிளட்ச் தூள் ஒருமுறை உள்ளே போய்விட்டால் கழுவி எடுக்க முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ஸ்டேக்டு பிளேட் கூலர் மலிவாகக் கிடைத்தாலும் கை வைக்க வேண்டாம். முந்தைய வண்டியின் பெட்டி எப்படிச் செத்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது.

இந்த வண்டிக்கு எடுத்தது 280 × 190 மி.மீ. முகம், 40 மி.மீ. கனம் உள்ள ஸ்டேக்டு பிளேட். உரிமையாளர் பார்த்து வைத்த ‘24,000’ இதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரியது. அது ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரை நிறையவே மறைத்திருக்கும். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாமல் எவரும் வண்டி ஓட்டப் போவதில்லை. கூலரில் பட்டுச் சூடான காற்றுதான் பின்னால் கண்டென்சருக்கும் அதற்கும் பின்னால் ரேடியேட்டருக்கும் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்காமல் இருப்பது நல்லது. பெரிய கூலரில் காசைப் போடுவதற்குப் பதில் சின்ன கூலருக்குச் சொந்தமாக ஒரு ஃபேன் கொடுப்பதே இந்த ஊருக்கு ஏற்ற வழி.

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் கம்பெனி வைத்த சின்ன ஆயில் கூலரைத் துண்டித்துவிடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அது உள்ளே கசிந்தால் கூலண்டும் ஏடிஎஃப்பும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் நுரைக்கும், கூலண்டில் உள்ள கிளைகால் என்ற வேதிப்பொருள் கிளட்ச் தட்டின் பசையைக் கரைக்கும், பெட்டி போயிற்று. பயம் நியாயமானது. ஆனாலும் இங்கே துண்டிக்கவில்லை. அது தண்ணீரால் குளிர்விப்பது, காற்றை எதிர்பார்ப்பதில்லை. 120 டிகிரி ஆயில் 90 டிகிரி கூலண்டைச் சந்திக்கும்போது நெரிசலிலும் நன்றாக வேலை செய்யும். வரிசை இப்படி: பெட்டி, ரேடியேட்டர் தொட்டி, புதிய கூலர், மீண்டும் பெட்டி. ரேடியேட்டர் பழசாகியிருந்தால் கூலர் போடும்போதே அதையும் மாற்றிவிடுவது ரோஸ்மில்க் பயத்துக்குச் சரியான மருந்து.

ஹோஸும் மரையும்

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், கூலரில் இல்லை.

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்யும் கடைகள் நிறைய. “முந்நூறு பார் தாங்கும் சார், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க” என்பார்கள். பொய் இல்லை, மூன்றெட்டு (3/8) அங்குல ஆர்2 வகை ஹைட்ராலிக் ஹோஸ் 330 பார் தாங்கும். ஆனால் கூலர் சுற்றில் ஓடுவது சில பார்தான். இங்கே கேட்க வேண்டியது சூடு எவ்வளவு தாங்கும் என்று. அந்த ஹோஸின் பொது வரம்பு 100 டிகிரி. 121-ஐத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் ஆயிலில் உட்சுவர் விறைத்து, இரண்டே கோடையில் வெடிப்பு விடும். பெட்ரோல் ஹோஸும் வேண்டாம். வாங்க வேண்டியது எஸ்ஏஇ ஜே1532 என்ற தர எண்ணை ஹோஸ் மேலேயே அச்சிட்ட டிரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸ். வாகன உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் எல்லாக் கடையிலும் தயாராக இருக்காது. சொல்லி வைத்து வாங்குவது நல்லது. மூன்றெட்டு அங்குலம், 2 மீட்டர்.

அடுத்தது மரை. வெளிநாட்டுக் கூலர்களில் பெரும்பாலும் என்பிடி என்ற அமெரிக்க அளவு மரை. நம் ஊர்க் கடையில் பித்தளை நிப்பிள் கேட்டால் கையில் கொடுப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் அளவு. கால் அங்குலத்திலும் மூன்றெட்டிலும் என்பிடிக்கு அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19. மரையின் கோணமும் 60, 55 என்று வேறு. கையால் திருகினால் இரண்டு சுற்று அழகாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று ஸ்பானர் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை சிதைந்துவிடும். கசிவதைப் பார்த்து டெஃப்ளான் டேப்பைச் சுற்றுவார்கள்; அந்த டேப்பின் நார் ஒன்று பிய்ந்து உள்ளே போய் வால்வ் பாடியில் மாட்டினால் கூலர் இல்லாத வண்டியைவிட நிலைமை மோசம். கூலரோடு வரும் ஃபிட்டிங்கையே போடுங்கள். முறுக்கும்போது கூலரின் பாஸை (ஃபிட்டிங் திருகும் புடைப்பு) ஒரு ஸ்பானரில் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகவும்.

ஹோஸ் இறங்கும் இரும்புக் குழாயின் முனை வெட்டியபடியே மொட்டையாக இருக்கக் கூடாது. ஃபிளேரிங் டூலால் சின்ன உதடு ஒன்று எழுப்பிவிட வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு நல்ல கிளாம்ப் போதும். உதடு இல்லாத குழாயில் மூன்று கிளாம்ப் போட்டாலும் சூட்டில் ஹோஸ் வழுக்கிக் கழன்று விழும். ஆயில் வெளியே கொட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

பொருத்தியது

எந்தக் குழாய் போகிறது, எது திரும்பி வருகிறது என்று கண்டுபிடிக்க, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓட்டித் தொட்டுப் பார்த்தால் போதும். முதலில் சூடாவது போகும் குழாய். திரும்பும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, ஐடிலில் 20 விநாடி மட்டும் ஓட்டி அளந்தபோது 1.2 லிட்டர் வந்தது. ஒரு லிட்டருக்குக் குறைந்தால் எங்கோ அடைப்பு என்று பொருள். அப்படிப்பட்ட பெட்டியில் கூலர் மாட்டுவது வீண். அதற்கு மேல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்ப் காய்ந்துவிடலாம். கூலர் மாட்டியபின் இதே அளவு மறுபடி எடுக்கப்பட்டது: 1.1.

கூலரோடு வரும் பிளாஸ்டிக் டை, கண்டென்சர் தகடுக்குள் குத்தி இழுத்துக் கட்டுவதற்கானது. அதைக் குப்பையில் போடவும். அதிர்வில் அது கண்டென்சர் குழாயை அறுக்கும், பிறகு ஏசி வாயு போகும். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் இரண்டு எல்-பிராக்கெட், நடுவில் ரப்பர் புஷ். ரப்பர் அதிர்வுக்கு மட்டுமில்லை: கடல் உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். கண்டென்சரிலிருந்து 20 மி.மீ. இடைவெளி. வாய்கள் பக்கவாட்டில், ஆயில் கீழே நுழைந்து மேலே வெளியேறும்படி. அப்போதுதான் காற்றுக்குமிழ் மாட்டாது.

ஃபேன் 10 அங்குலம், கூலரின் முன்னால் நின்று பின்னோக்கித் தள்ளும் வகை. நடப்பில் 8 ஆம்பியர் இழுத்தது. 15 ஆம்பியர் ஃபியூஸ், 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. ஒயர். ரிலேயை இயக்கும் தெர்மோ சுவிட்ச் கூலருக்குள் போகும் பக்கத்தில், 82 டிகிரியில் ஃபேனை ஓடவிடுவது. இக்னிஷன் லைனில் இணைத்ததால் வண்டியை அணைத்தால் ஃபேனும் நிற்கும். வண்டிக்கு அடியில் கூலரை மாட்டினால் கண்டென்சரை மறைக்காதே என்ற யோசனையும் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கும் ஊர் இது. ஃபேன் இறக்கை தண்ணீரில் அடித்தால் உடையும். கைவிடப்பட்டது.

ஆயில் அளவு பார்ப்பதுதான் நுணுக்கமான வேலை. இந்தப் பெட்டியில் டிப்ஸ்டிக் இல்லை. அடியில் ஓவர்ஃபுளோ பிளக். ஆயில் சர்வீஸ் புத்தகம் சொல்லும் சூட்டில், எஞ்சின் ஐடிலில் ஓட, பிளக்கைத் திறந்தால் மெல்லிய கம்பியாய் வடிந்து சொட்டாகி நிற்க வேண்டும். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி வரை. சிக்கல் என்னவென்றால், கூலர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள பெட்டியில் அந்தச் சூட்டில் வால்வ் மூடியிருக்கும். புதிய கூலரும் ஹோஸும் காலியாகவே இருக்கும். அளவு சரி என்று பிளக்கை மூடிவிட்டுப் போனால், வால்வ் திறந்ததும் 600 மில்லி ஆயில் அங்கே போய்விடும், பெட்டியில் அவ்வளவு குறையும். அதனால் முதலில் நன்றாக ஓட்டிச் சூடேற்றி கூலரை நிரப்பி, ஆறவைத்து, பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். ஹோஸ் 2 மீட்டருக்கு 140 மில்லி, கூலருக்கு 400 சொச்சம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஊற்றியிருந்ததால், பிளக்கைத் திறந்தபோது அரைக் கோப்பைகூட வழியவில்லை.

பிறகு வந்த எண்கள்

ஒயரை இணைக்காமல், ஃபேன் ஓடாமல் ஒரு நடை வேண்டுமென்றே பார்க்கப்பட்டது. வெளியே 37. வெளிவட்டச் சாலையில் பேன் 91-லிருந்து 80-க்கு இறங்கியது. பொன்னேரியில் 109 இருந்தது 105 ஆனதோடு சரி. அட்டைப்பெட்டியில் போட்ட பவுண்டை நம்பி வாங்கியவர்கள் ‘கூலர் போட்டும் பயனில்லை’ என்று சொல்வதன் விளக்கம் இந்த நாலு டிகிரிதான்.

ஃபேனோடு, வெளியே 38-ல், அதே நெரிசலில் பேன் 94, கன்வர்ட்டர் 106. மணலில் 4எல் போட்டு இறக்கியபோது கன்வர்ட்டர் 109-ஐத் தாண்டவில்லை. விளக்கு எரியவில்லை. நெரிசலில் ஏசி காற்று முன்பைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே வந்தது. கூலரின் ஃபேன் கண்டென்சருக்கும் சேர்த்து வீசுகிறது.

ஓட்டுவதில் மாற்றியது ஒன்று உண்டு. 50–60 கி.மீ. வேகத்தில் பெட்டி ஐந்துக்கும் நாலுக்கும் தாவித் தாவி லாக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். கியரை நாமே தேர்ந்தெடுக்கும் எஸ் மோடில் நாலில் நிறுத்தினால் லாக் விழுந்து அப்படியே நிற்கும். இரண்டு நிமிடத்தில் சூடு 6, 7 டிகிரி இறங்குவது மொபைலிலேயே தெரிந்தது. டீசல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான்.

ஏடிஎஃப் மாற்றும் கெடு 40,000 கி.மீ. என்று வைக்கப்பட்டது. ‘வாழ்நாள் ஆயில்’ என்ற பேச்சு ட்ரெய்லர் இழுக்காத வண்டிக்கு. சூடான ஆக்ஸிலோடு உப்புத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி பிரீதர் (காற்று போய்வரும் துளை) வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், பின் ஆக்ஸில் பிரீதரும் கியர்பாக்ஸ் பிரீதரும் குழாய் போட்டு மேலே ஏற்றப்பட்டன. கரையிலிருந்து திரும்பியதும் கூலர் தகட்டில் சாதாரணத் தோட்டக் குழாயால் நல்ல தண்ணீர். பிரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும்.

1,200 கி.மீ. கழித்துப் பார்த்ததில் எல்லா இணைப்பும் காய்ந்தே இருந்தன. திரும்பும் ஹோஸ் மட்டும் ஹார்ன் பிராக்கெட்டின் ஓரத்தில் உரசி, மேலுறையில் நகக்கண் அளவு தேய்ந்திருந்தது. பழைய ஹோஸில் ஒரு சாண் வெட்டி, நெடுக்காகப் பிளந்து, அந்த இடத்தில் உறைபோல மாட்டி இரண்டு டை போட்டாயிற்று.